மின் ஹைட்ரோஃபாயில்: வேகக் கட்டுப்படுத்தியும் குளிர்விப்பும்

மின் ஹைட்ரோஃபாயில் என்பது மின்கலத்தால் ஓடும் ஒரு நீர்ச்சறுக்குப் பலகை ஆகும். பலகையின் அடியில் நீண்ட தண்டும், தண்டின் முனையில் நீருக்குள் செல்லும் இறக்கையும் மோட்டாரும் இருக்கும். வேகம் கூடியதும் இறக்கையின் தூக்கு விசை பலகையை நீர்ப்பரப்புக்கு மேலே உயர்த்துகிறது. மோட்டார் நீருக்குள் இருப்பதால் தானாகவே குளிர்ந்துவிடும். ஆனால் அதை இயக்கும் வேகக் கட்டுப்படுத்தி, ஆர்வலர்கள் தாமே செய்துகொள்ளும் பலகைகள் பலவற்றில், நீர் புகாத பெட்டிக்குள் அடைபட்டிருக்கும். சிக்கல் இங்கேதான்.

தெரிவு

மின்கலத்தின் நேர் மின்னோட்டத்தை மோட்டாரின் மூன்று கம்பிகளுக்கும் முறைமாற்றி அனுப்புவது கட்டுப்படுத்தியின் வேலை. இதைச் செய்யும் மாஸ்ஃபெட் திரிதடையங்களில் மின்னோட்டம் இரு மடங்கானால், மின்தடையால் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். எனவே அதே திறனை உயர்ந்த மின்னழுத்தத்தில் பெறுவதே நல்லது. 12 லித்தியம் அயனிக் கலங்களைத் தொடராக இணைத்தால் பெயரளவில் 44.4 வோல்ட் கிடைக்கும். அதில் 2,000 வாட் திறனுக்குச் சுமார் 45 ஆம்பியரும் 4,000 வாட்டுக்குச் சுமார் 90 ஆம்பியரும் தேவை. முழு மின்னேற்றத்தில் இதே அடுக்கு 50.4 வோல்ட்டைத் தொடும். ஆகவே 60 வோல்ட் தாங்கும் கட்டுப்படுத்தி குறைந்தபட்சத் தேவை. 75 வோல்ட் என்றால் கவலை குறைவு.

உறையில் அச்சிட்ட ஆம்பியர் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. சிறு விமானங்களுக்கான கட்டுப்படுத்திகளின் அளவீடு, சுழலியின் காற்று மேலே வீசும் என்ற கணக்கில் தரப்படுவது. மூடிய பெட்டியில் அந்தக் காற்று இல்லை. மற்றொன்றையும் பலர் கவனிப்பதில்லை: பாதி வேகத்தில் மின்கலத்திலிருந்து 40 ஆம்பியர் எடுக்கும்போது, மோட்டார் கம்பிகளில் ஏறத்தாழ 80 ஆம்பியர் ஓடும். கட்டுப்படுத்தியைச் சூடாக்குவது இந்த இரண்டாவது எண்தான்.

குளிர்விப்பு

2,000 வாட்டில் 5 விழுக்காடு வீணானாலும் 100 வாட் வெப்பம். காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்துவதால், பெட்டிக்குள் அது தேங்கிவிடும். அலுமினியத் தண்டு இருந்தால், கட்டுப்படுத்தியை வெப்பக் கடத்துப் பசையுடன் ஓர் அலுமினியத் தகட்டில் இறுக்கி, அத்தகட்டைத் தண்டின் தலையோடு இணைப்பது எளிய வழி. பலகை மேலெழுந்த பின்னும் தண்டின் கீழ்ப்பகுதி நீரில்தான் இருக்கும். கார்பன் இழைத் தண்டு இதற்கு அவ்வளவாக உதவாது. பலகையின் அடிப்பரப்பில் மட்டும் பதித்த தகடு, எழும் நேரத்தில் நீரைத் தொடும்; மிகுந்த மின்னோட்டம் தேவைப்படுவதும் அப்போதுதான் என்பது ஒரு நல்வாய்ப்பு. பறக்கத் தொடங்கியதும் அத்தகட்டுக்குக் காற்று மட்டுமே கிடைக்கும்.

குழாயில் நீரைச் செலுத்திக் குளிர்விப்பது வலிமையான முறை. ஆனால் மணலும் பாசியும் குழாயை அடைக்கும். பெட்டிக்குள் ஓர் இணைப்பு கசிந்தால் உப்புநீர் நேராக மின்சுற்றில் இறங்கும். கடலில் ஓட்டிய பின் குழாயை நன்னீரால் அலச வேண்டும்.

சுவீடனின் பெஞ்சமின் வெடர் உருவாக்கிய திறமூல வெஸ்க் போன்ற கட்டுப்படுத்திகள், வெப்பநிலை எல்லையை நெருங்கும்போது மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கும். இந்த வசதி இல்லாதவை எரியலாம், அல்லது திடீரென நின்று, ஓட்டுபவரை முன்னே தூக்கி எறியலாம். இறக்கையின் விளிம்பு கூர்மையானது என்பதால் அந்த வீழ்ச்சி ஆபத்தானது. முதல் ஓட்டங்களைக் கரையோரத்தில் குறுகியதாக வைத்து, ஒவ்வொன்றின் பின்னும் பதிவான வெப்பநிலையைப் பார்ப்பது வழக்கம்.