பிழையும் வினாவும்

மட்டக்களப்பு வாவிக்கு அண்மையில், வந்தாறுமூலையிலே, 1986ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகமாக விளங்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினியியலும் கற்பிக்கப்படுகிறது. நிரல் எழுதப் புகும் மாணவர் இடறுவது பெரும்பாலும் சிறு கல்லிலேயே. பத்து நாட்களிற் பிடிபட்ட இறாலின் நிறைகளைப் பைதன் மொழியிற் பட்டியலிட்டு, பத்தாவதைக் காண 10 என்று குறித்தால் கணினி மறுக்கும். அங்கே எண்ணிக்கை 0 இல் தொடங்குவதால், பத்தாவதற்குரிய எண் 9 ஆகும்.

இதனைப் பிறரிடம் கேட்க நாணிக் கற்பதையே கைவிடுவாரும் உளர். கேட்பவரும் “நிரல் ஓடவில்லை” என்றளவில் நிறுத்தினால் உதவுதல் அரிது. எதிர்பார்த்தது யாது, நிகழ்ந்தது யாது, கணினி காட்டிய பிழைச்செய்தி யாது என்னும் மூன்றையும் கூறி, பிழை தோன்றும் வரிகளை மட்டும் பிரித்துக் காட்டுதல் வேண்டும். அறுந்த வலைக்கண்ணைக் கண்டபின் முடிச்சிடுதல் எளிது. பிரிக்கும்போதே தவறு தானாகப் புலப்படுதலும் உண்டு.