முப்பது பிள்ளைகளுக்கு முப்பது யுகுலேலே: மலிவு எது, இலாபம் எது?

எமது பிள்ளைகள் படிக்கும் ரொறன்ரோப் பாடசாலையில் 4ஆம் வகுப்பு இசைப் பாடத்துக்கு யுகுலேலே வாங்குவதற்காக, பெற்றோர் சபையில் இருக்கும் நாம் இரண்டு தடவை நிதி சேர்க்க வேண்டியதாயிற்று. முதல் தடவை பிழையாக வாங்கியதே காரணம். இணையத்தில் ஆகக் குறைந்த விலையைத் தேடி, ஒன்று 25 டொலர் வீதம் 30 பிளாஸ்டிக் யுகுலேலே வாங்கினோம். வருட முடிவில் பாவிக்கக்கூடியதாக எஞ்சியவை 11. அதைவிடப் பெரிய நட்டம், ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்து "எனக்கு மியூசிக் வராதம்மா" என்று சொன்னதுதான். பிழை பிள்ளையின் விரலில் இல்லை, வாத்தியத்தில் இருந்தது. இதே வேலையில் இறங்கும் மற்றப் பெற்றோருக்கு உதவட்டும் என்று, நாம் கற்றுக்கொண்டதை எழுதுகிறோம்.

யுகுலேலேயும் புலம்பெயர்ந்தவர்கள் கொண்டுவந்ததுதான். 1879இல் போர்த்துக்கேயரின் மதேரா தீவிலிருந்து ஹவாய்க்குக் கூலி வேலைக்குப் போனவர்களின் சிறு வாத்தியத்திலிருந்து அது பிறந்தது. கனடாவில் 1960களின் பிற்பகுதியில், ஹலிபக்ஸ் பாடசாலைகளின் இசைக்கல்விக்குப் பொறுப்பாக இருந்த சால்மர்ஸ் டோன் இதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். நான்கே நைலோன் நரம்புகள். ஒரு விரலை வைத்தாலே 'சி' கோர்ட் கிடைக்கும். ரெக்கோடரைப் போல வாயில் வைத்து ஊதுவதில்லை என்பதால், வாசித்துக்கொண்டே பாடவும் முடியும்.

பிளாஸ்டிக் என்றதும் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க வேண்டியதில்லை. மாரியோ மக்காஃபெர்ரி என்ற கிற்றார் செய்பவர் 1949இலேயே அமெரிக்காவில் பிளாஸ்டிக் யுகுலேலேயைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அது இலட்சக்கணக்கில் விற்றது. எமது குளிர்காலத்தில் ஹீற்றர் போட்ட வகுப்பறையின் காற்று நன்றாக உலர்ந்துவிடும். மரம் சுருங்கி வெடிக்கும், ஒட்டிய இடம் விடும். பிளாஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. விழுந்தாலும் தாங்கும், துடைத்து அடுத்த வகுப்புக்குக் கொடுக்கலாம். மரத்தின் நாதம் மட்டும் அதில் முழுதாக வராது. கோடை வெயிலில் காருக்குள் விட்டால் வளைந்துவிடும்.

கடையில் இரண்டு வகை காணலாம். காலா நிறுவனத்தின் வாட்டர்மன் போல முழுவதும் பிளாஸ்டிக்கானவை ஒன்று. முன்முகம் மரமாகவும் முதுகு பிளாஸ்டிக்காகவும் உள்ளவை மற்றது. சிறு பிள்ளைகளுக்கு சொப்ரானோ அளவு (ஏறத்தாழ 53 சென்ரிமீற்றர்) போதும். எந்த வகையானாலும், முதலில் ஒன்றை மட்டும் வாங்கி இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

முதலாவது, சுருதி. ஒரு நரம்பை வெறுமனே மீட்டுங்கள், அது ச. அதே நரம்பை 12ஆவது மெட்டில் அழுத்தி மீட்டினால் மேல் ச சரியாக வரவேண்டும். நான்கு நரம்புகளிலும் பாருங்கள். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை, பிசகினால் திருத்தலாம். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மெட்டு பிசகினால் பிசகினதுதான்.

இரண்டாவது, முதலாம் மெட்டு. அங்கே அழுத்தும்போது விரல் நோகிறதா, சுருதி கூடிப்போகிறதா? தலைப்பக்கத்தில் நரம்பு அளவுக்கு மிஞ்சி உயர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எமது முதல் 30இலும் இருந்த நோய் இதுதான். பிள்ளை சரியான இடத்தில் விரல் வைத்தும் பிழையான ஒலியே வந்தது.

மூன்றாவது, சுருதி கூட்டும் பிரடைகள். பற்சக்கரம் உள்ளவை மெல்லத் திரும்பி, விட்ட இடத்தில் நிற்கும். வெறும் உராய்வில் நிற்பவை சிறு கைகளுக்குக் கடினம். உடைந்தால் தனியாக வாங்கிப் பூட்டலாமா என்றும் விற்பனையாளரிடம் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. புதிய நைலோன் நரம்பு முதல் ஒன்றிரண்டு வாரம் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அப்போது சுருதி இறங்குவது வாத்தியத்தின் குற்றம் அல்ல. பாடம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னரே நரம்பை ஏற்றி, தினமும் சுருதி கூட்டி வையுங்கள்.

இனிக் கணக்கு. நான்கு வகுப்புகள், வகுப்புக்கு 30 பேர், மொத்தம் 120 பிள்ளைகள். முதல் தடவை 750 டொலர் ஒரே வருடத்தில் போனது. பிள்ளைக்கு 6 டொலர் 25 சதம். இரண்டாம் தடவை ஒன்று 60 டொலர் வீதம் 1,800, உதிரி நரம்பு முதலியவற்றுக்கு 180, ஆக 1,980. ஐந்து வருடம் பாவித்தால் வருடத்துக்குப் பிள்ளைக்கு 3 டொலர் 30 சதம். மூன்று வருடத்தோடு நின்றால்கூட 5 டொலர் 50 சதம்தான். இப்போது மூன்றாவது வருடம் நடக்கிறது, 28 வாத்தியங்கள் பாவனையில் உள்ளன.

எம்மவர் வீடுகளில் வசதி உள்ளோர் வயலினுக்கும் பியானோவுக்கும் தனியாகக் காசு கட்டுகிறார்கள். இரண்டு வேலை செய்து வாடகை கட்டும் வீட்டுப் பிள்ளைக்குப் பாடசாலையில் கையில் கிடைப்பதுதான் முதல் வாத்தியம். அநேகமாக அதுவே கடைசியும். அதனால் விலைச் சீட்டைப் பார்க்க முன்னர், இசை ஆசிரியரின் கையில் ஒன்றைக் கொடுத்து வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொன்ன பின்னர் மிகுதி 29ஐயும் வாங்கலாம்.