கோல்ப் திடல்

சேலம், நாமக்கல் பக்கத்துச் சிறுவர் கோலி ஆடுதற்குப் பரந்த இடத்தைத் தேடுவதில்லை. குதிகாலால் ஒரு குழி திருகினால் ஆட்டம் தொடங்கிவிடும். கடலை பிடுங்கிய காட்டில் (புன்செய் நிலத்தைக் காடு என்பது இப்பக்கத்து வழக்கு) கோடு கிழித்தால் அதுவே சடுகுடுக் களம். கோல்ப் என்னும் ஆட்டமும் பந்தைக் குழியில் விழச்செய்வதே. ஆயினும், முழுமையான கோல்ப் திடலுக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். இஃது ஏன்?

ஒரு திடலில் 18 குழிகள் உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1764-ஆம் ஆண்டு அமைந்த இவ்வெண்ணிக்கையே பின்னர் எங்கும் நிலைத்தது. ஒவ்வொரு குழிக்கும் தனிவழி உண்டு. வழியின் தொடக்கத்தில் நின்று ஆடுவோர் கோலால் பந்தை அடிப்பர். எதிரே குட்டையாக வெட்டிய புல்வெளி நீண்டு கிடக்கும். இருமருங்கும் நெடும்புல்லும் மரங்களும், இடையிடையே மணற்பள்ளங்களும் குளங்களும் பந்தை விழுங்கக் காத்திருக்கும். முடிவில் கம்பளம் போன்ற மென்புல் தளம். அதிலே 4¼ அங்குல விட்டமுள்ள குழி. ஒரு குழி 150 கஜத் தொலைவில் இருப்பின், மற்றொன்று 500 கஜத்திற்கும் அப்பால் இருக்கும். மழைநீர் தேங்காவண்ணம் தளத்திற்கு நுண்ணிய சரிவு கொடுப்பர். காலைக்கதிர் கண்ணைக் கூசச்செய்யும் ஆதலின், முதல் வழியைக் கிழக்கு நோக்கி அமைப்பதைத் தவிர்ப்பர்.

தொடக்கத்தில் இவற்றை எவரும் அமைக்கவில்லை. ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடுகள் உழவுக்கு உதவா. அங்கே புல்லை ஆடுகள் மேய்ந்து குட்டையாக்கின. காற்று மணலைப் பறித்துப் பள்ளமாக்கியது. மழையே புல்லை வளர்த்தது. வீணே கிடந்த நிலம் விளையாட்டுக்கு ஆயிற்று.

ஆங்கிலேயர் இவ்வாட்டத்தை நம் நாட்டிற்குக் கொணர்ந்தனர். கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலும், கொடைக்கானலில் 1895-ஆம் ஆண்டிலும் கோல்ப் சங்கங்கள் தோன்றின. குளிரும் மழையும் உள்ள மலைமேல் புல் எளிதில் தழைக்கும். சமவெளியிலோ நாம் நீர் பாய்ச்சவேண்டும்.

வெப்ப நாட்டுத் திடல்களில் பெரிதும் வளர்க்கப்பெறும் பெர்முடாப் புல் வேறன்று. நம் அறுகே அது! உழவர் கோடையுழவில் வேரோடு களைந்தெறியும் அறுகை, அங்கே ஆள்வைத்துப் போற்றுகின்றனர். ஓர் ஏக்கர் புல்லுக்கு ஐந்து மில்லிமீட்டர் உயரம் நீர் பாய்ச்சினால் ஒருமுறைக்கு இருபதாயிரம் லிட்டர் செலவாகும். நூறு ஏக்கரில் பாதிக்குப் பாய்ச்சினும் பத்து இலட்சம் லிட்டர். சித்திரை வெயிலில் கிணற்றின் அடிப்பாறை தெரியும் ஊரில் இந்நீரை யார் தருவது? மரவள்ளிக்கும் மாட்டுக்கும் போக எஞ்சுவது யாது?

நீர் அருகிய ஆஸ்திரேலிய உள்நாட்டார் இதற்கு ஒரு வழி கண்டனர். குழியைச் சூழ மென்புல்லுக்கு மாறாக, மணலில் எண்ணெய் கலந்து பரப்பினர். பந்து அதன்மேலும் இனிதே உருளும். ஆடி முடித்தவர் தம் காற்சுவட்டை மரப்பலகையால் இழுத்துச் சமன்செய்துவிட்டு அடுத்த குழிக்குச் செல்வர்.