பிழைத்தவர் எத்தனை பேர்?

அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய கதை சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரியும். அங்கே 1982 முதல் நடந்துவரும் இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு. மயிலாப்பூரிலோ தி.நகரிலோ வசிக்கும் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தால், அவர் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதற்காகப் பணியாளர்கள் மருத்துவமனைகளுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்கும் நேரில் போய்க் குறிப்பெடுத்து வருகிறார்கள்.

பதிவேட்டில் ஏறியவர் பிறகு என்ன ஆனார்? சிகிச்சையின் தரத்தை அளக்க இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. நோய் கண்டறிந்து 5 ஆண்டு கழித்தும் உயிரோடு இருப்பவர் எத்தனை சதவீதம் என்பதை வைத்துத்தான் ஓர் ஊரின் சிகிச்சையை இன்னோர் ஊரோடு ஒப்பிடுகிறார்கள். குடிமக்கள் எல்லோருக்கும் ஒரே அடையாள எண் உள்ள ஸ்வீடன், நார்வே போன்ற நாடுகளில் நோயாளிப் பட்டியலையும் இறப்புப் பட்டியலையும் கணினியில் பொருத்திப் பார்த்தால் வேலை முடிந்தது. இறப்புப் பட்டியலில் இல்லாதவர் உயிரோடு இருக்கிறார் என்று கொள்ளலாம்.

சென்னையில் அப்படிக் கொள்ளலாமா? அடையாறு ஆஸ்பத்திரியின் சுவாமிநாதன், ரமா, டாக்டர் சாந்தா மூவரும் சோதித்துப் பார்த்தார்கள். 2008-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் முடிவு வெளிவந்தது. 1990 முதல் 1999 வரை பதிவான முக்கியப் புற்றுநோய்களை எடுத்துக்கொண்டு, மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். புற்றுநோயின் வகையைப் பொறுத்து 20 முதல் 66 சதவீதம் பேர் வரை பொருந்தினார்கள். மற்றவர்களைத் தேடிப் போனார்கள். அவர்களிலும் 15 முதல் 43 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். தேடாமல் விட்டிருந்தால், 5 ஆண்டு பிழைத்தோர் விகிதம் 22 முதல் 47 சதவீதம் வரை மிகையாகியிருக்கும்.

இந்த மிகை ஆபத்தானது. காகிதத்தில் எல்லாம் நன்றாக இருந்தால், தாமதமாகக் கண்டறியப்படும் நோய்க்கும், பணம் தீர்ந்து பாதியில் நின்றுபோகும் சிகிச்சைக்கும் யார் நிதி ஒதுக்குவார்கள்?

இறப்புப் பட்டியலில் ஒருவர் விடுபட்டுப்போவது சுலபம். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கடைசி நாட்களில் சொந்த ஊருக்குப் போயிருப்பார். இறப்பு அங்கே பதிவாகும். ஆஸ்பத்திரிச் சீட்டில் ஆர்.லட்சுமி, இறப்புச் சான்றிதழில் லட்சுமி அம்மாள். அதனால்தான் கடிதம், தொலைபேசி, அதற்கும் பதில் இல்லையென்றால் வீட்டுக்கே போய் விசாரிப்பது. நோயை அக்கம்பக்கத்துக்குச் சொல்லாத குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். வாசலில் நிற்பவர் புற்றுநோய் என்ற சொல்லே வாயில் வராமல் கேட்க வேண்டும். எந்தக் கணினியும் இதைச் செய்யாது.

இப்படித் திரட்டிய தகவலால்தான், ஆப்பிரிக்கா, ஆசியா, மத்திய அமெரிக்காவில் 12 நாடுகளின் 25 பதிவேடுகளை ஒப்பிட்டு 2010-ல் வெளியான ஆய்வில் சென்னையும் இடம்பெற்றது.

மருத்துவர் பற்றாக்குறை, செவிலியர் பற்றாக்குறை என்று பேசும்போது இந்தப் பதிவேட்டுப் பணியாளர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். அவ்வளவு தேடியும், 2008-ல் வெளிவந்த அந்தச் சென்னை ஆய்வில் புற்றுநோயின் வகைக்கேற்ப 4 முதல் 38 சதவீதம் பேர் என்ன ஆனார்கள் என்பது தெரியாமலே போனது. அவர்களைக் கண்டுபிடிக்க இன்னும் ஆட்கள் தேவை. தேடிப் போகிறவர்களுக்கு நிரந்தர வேலையும் கௌரவமான சம்பளமும் தேவை.