பட்டுப்புழு ஆராய்ச்சிக்குக் கைகொடுக்கும் பெரிய கணிப்பொறி

ஆரணித் தறியில் ஓடும் பட்டு இழை மல்பெரித் தோட்டத்தில்தான் பிறக்கிறது. அங்கே புழு வளர்க்கும் விவசாயிக்குப் பெரும் நஷ்டம் உண்டாக்குவது பால்புழு நோய். நன்றாக இலை தின்று வந்த புழு, கூடு கட்டும் சமயத்தில் உடல் வீங்கி, தோல் கிழிந்து, பால் போன்ற நீர் கசிந்து சாகும். வைரஸ் கிருமியால் வரும் இந்நோய்க்கு, வந்தபின் மருந்து கிடையாது. ஆகவேதான் நோயைத் தாங்கும் ரகத்தை விஞ்ஞானிகள் தேடுகிறார்கள்.

முன்பெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் புழுக்களை இனக்கலப்புச் செய்து பார்ப்பது ஒன்றே வழி. இப்போது புழுவின் மரபுப் பொருளையே படித்து, எந்தப் பகுதி எந்தக் குணத்தைத் தருகிறது என்று பார்க்கிறார்கள். அதில் சுமார் 45 கோடி எழுத்துகள். 2004ல் ஜப்பானியரும் சீனரும் தனித்தனியே இதைப் படித்து வெளியிட்டனர். 2009ல் வளர்ப்பு ரகங்கள் 29, காட்டு வகைகள் 11 ஒப்பிடப்பட்டன. 2022ல் சீன விஞ்ஞானிகள் 545 புழு வகைகளுக்கு இதைச் செய்தார்கள். எழுத்துகள் துண்டு துண்டாகவே கிடைக்கும்; அறுந்த பாவைப் பிணைப்பது போல அவற்றைச் சேர்க்க வேண்டும். மேஜைக் கணிப்பொறியால் ஆகிற காரியமல்ல இது.

பல கணிப்பொறிகளை ஒன்றாகப் பூட்டிய பெரிய கணிப்பொறி நம் நாட்டிலும் உண்டு. புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் 1991ல் ‘பரம் 8000’ஐ உருவாக்கியது. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் ‘பரம் பொருள்’ தொடங்கப்பட்டது. வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் போடும் திறன் கொண்டது, பெயர் பொருத்தம்தான்!

ஆனால் இயந்திரம் இருந்தால் மட்டும் போதுமா? புழுவை அறிந்தவருக்குக் கணிப்பொறியின் பாஷை தெரியாது. ஆரணி நெசவாளி ஜக்கார்டு அட்டையில் தாமே துளை போடுவதில்லை. அடித்து வந்த அட்டையை மாட்டி, மிதியை மிதித்தால் பூ விழுகிறது. அதேபோல, வேண்டிய வேலையைப் பட்டியலில் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும் என்ற ஏற்பாடு உயிரியல் ஆராய்ச்சியாளருக்கும் வந்துவிட்டது. 2005ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘கேலக்ஸி’ அத்தகையது, கட்டணமின்றிக் கிடைக்கிறது. சி-டாக் நிறுவனமும் உயிரியல் ஆராய்ச்சிக்கென்றே புனேயில் தனிக் கணிப்பொறி வசதி ஏற்படுத்தியது. சிறிய கல்லூரியில் இருப்பவரும் தம் இடத்திலிருந்தே கணக்கை அனுப்பலாம்.

ஒன்றை மறக்கலாகாது. கொடுத்த விவரத்தைத்தான் கணிப்பொறி எண்ணும்; விவரம் கிடைக்கும் இடம் விவசாயியின் புழு வளர்ப்பு மனை. முட்டைத் தொகுதியின் எண், ரகம், பொரித்த தேதி, தினசரி வெப்பநிலை, நோய் கண்ட நாள், செத்த புழுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, பட்டு வளர்ச்சித் துறையின் தொழில்நுட்ப சேவை மையத்தில் காட்டலாம். புதிய ரகம் வரும் வரை பழைய கவனத்தில் குறை வைக்கக் கூடாது. நோயுற்ற புழுக்களை வெறுங்கையால் தொடாமல் குச்சியால் எடுத்து, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்த நீரில் போட்டு, மனைக்குத் தொலைவில் புதைத்துவிட வேண்டும்.