பெரிய டயரும் உயர்த்திய வண்டியும்

பழைய பிக்-அப் வண்டி ஒன்றை வாங்கியவர், முதல் வேலையாகப் பெரிய டயர்களைப் பூட்டி, வண்டியையும் சற்று உயர்த்திவிட எண்ணுவதுண்டு. அதனால் தோற்றத்தில் மிடுக்கு வரும் என்பது உண்மையே. ஆனால் வண்டி என்பது தனித்தனி உறுப்புகளின் குவியல் அன்று. ஒன்றின் அளவு மாறினால் மற்றவற்றின் கணக்கும் மாறும். அக்கணக்கையே இன்று காண்போம்.

இம்மாற்றம் வெறும் பகட்டுக்காகத் தோன்றியதன்று. ஐஸ்லாந்துத் தீவின் பனிவெளிகளில் சாதாரண டயர் புதைந்துவிடும். அங்குள்ளோர் 38 அங்குல டயர்களைப் பூட்டி, அவற்றின் காற்றைப் பெரிதும் குறைத்து ஓட்டுகின்றனர். காற்றழுத்தம் குறையக் குறைய, டயர் தரையைத் தொடும் பரப்பு விரிகின்றது. ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாதது போல, வண்டியும் பனிமேல் செல்கின்றது. அந்நாட்டில் மாற்றியமைத்த டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகள், 2007-இல் கனடாவின் வடகோடிப் பனிப்பரப்பைக் கடந்து, 1996-இல் வட காந்தமுனை இருந்த இடத்தை எட்டின. தேவை உழைப்பைத் தூண்டியது. ஆராய்ச்சி அதற்கு வழி காட்டியது.

இனி அளவைப் பார்ப்போம். டயரின் பக்கத்தில் 265/65 ஆர் 17 என்று எழுதியிருந்தால், அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு. நடுவளையத்தின் விட்டம் 17 அங்குலம். மொத்த விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 285/70 ஆர் 17 பூட்டினால் விட்டம் 831 ஆகும். வேற்றுமை 55 மில்லிமீட்டர். அதாவது 7 விழுக்காடு.

இச்சிறு வேற்றுமையின் விளைவுகள் பல. வேகமானி முன்பு பிழையின்றி இருந்ததெனக் கொண்டால், இப்போது அது 80 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 85-க்கு மேல் ஓடுகின்றது! எஞ்சினின் இழுவிசை தரையில் 7 விழுக்காடு குறைகின்றது. பிரேக்கை அதே அழுத்தத்தில் மிதித்தால் தடுக்கும் விசையும் அவ்வாறே குறைகின்றது. தரைக்கும் அச்சுக்கும் இடையே கிடைக்கும் கூடுதல் இடைவெளியோ, விட்ட வேற்றுமையில் பாதியான 27 மில்லிமீட்டர்தான்.

வில்களை மாற்றி வண்டியை உயர்த்தினால் என்ன? உடலும் அடிச்சட்டமும் உயரும். பின்னச்சும் அதன் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியும் முன்னிருந்த இடத்திலேயே நிற்கும். கல்லில் முதலில் இடிபடுவது பெரும்பாலும் அப்பெட்டியே அன்றோ? அதனை உயர்த்துவது டயர் மட்டுமே. வில்லை உயர்த்துவது அப்பெரிய டயர் உரசாமல் சுழல இடந்தருவதற்கே.

உயர்த்தும்போது முன்சக்கரங்களை இயக்கும் தண்டுகளின் சாய்வு மிகுந்து, அவற்றின் மூட்டுகள் விரைவில் தேயும். பிரேக் குழாய் நீளம் போதாமல் இழுபடலாம். சில பிக்-அப் வண்டிகளில், பின்புறச் சுமையை அறிந்து பின்பிரேக்கின் விசையைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. பின்புறம் உயர்ந்தால், 'வண்டியில் சுமை இல்லை' என்று அது தவறாகக் கொண்டு பின்பிரேக்கைத் தளர்த்திவிடும். அதனைத் திருத்தியமைத்தே தீரவேண்டும்.

அனைத்தினும் பெரிது, கவிழும் இடர். எடுத்துக்காட்டாக, சக்கரங்களின் இடையகலம் 1540 மில்லிமீட்டர், எடைமையத்தின் உயரம் 700 என்போம். அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் 1.10. வண்டியை 50-உம் டயரால் 27-உம் உயர்த்தினால் அவ்வெண் 0.99 ஆகிவிடும். வளைவில் நிலைத்து நிற்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு போயிற்று!

ஆதலின் பழைய வண்டி வாங்கியோர், முதலில் அடிச்சட்டத்தின் துரு, பட்டை வில்லின் வெடிப்பு, மூட்டுகளின் தேய்வு ஆகியவற்றைச் சோதித்துச் செப்பனிடுவதே முறை. நம் நாட்டுச் சட்டத்தையும் மறத்தலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதனை வலியுறுத்தியது.

மேட்டை ஏறும் வண்டி மட்டும் நல்ல வண்டியன்று. ஏறியவரை வீட்டுக்குத் திருப்பிக் கொணர்வதே நல்ல வண்டி.