கேமிங் கம்ப்யூட்டருக்கும் பொருத்தம் பார்க்கணும்... பில் போடும் முன் இதையெல்லாம் கவனிங்க!

பொருத்தம் பார்ப்பது கல்யாணத்துக்கு மட்டும்தான் என்றில்லை. குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்களும் நான்கைந்து பொருத்தமாவது பார்த்தே ஆக வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல பார்ட்ஸ்தான். சேர்த்து மாட்டினால் திரையில் ஒன்றுமே வராது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளுக்கு இது புதுக்கதை இல்லை.

பிளஸ் டூ முடித்தால் வாங்கித் தருவதாகச் சொன்ன வாக்கு, அம்மா கட்டிய சீட்டுப் பணம், ஐம்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது என்ற கறார் கணக்கு... பல வீடுகளில் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. சீல் பிரித்த புராசஸரைக் கடைக்காரர் பெரும்பாலும் திரும்ப வாங்க மாட்டார். தப்பான பார்ட் வாங்கினால் அந்த நஷ்டம் வீட்டுக் கணக்கில்தான் ஏறும்.

கடைசி எழுத்தில் இருக்கிறது விஷயம்!

முதல் பொருத்தம் புராசஸருக்கும் மதர்போர்டுக்கும். புராசஸர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். ஏஎம்டியின் ரைஸன் 5 5600, ஏஎம்4 சாக்கெட்டில்தான் உட்காரும். 2022-ல் வந்த ஏஎம்5 போர்டில் அது பொருந்தாது. இன்டெல்லின் ஐ3-12100எஃப்-க்கு எல்ஜிஏ 1700 சாக்கெட் வேண்டும். அழுத்தினால் உட்கார்ந்துவிடும் என்று முயற்சி செய்தால் பின் வளைந்து, போர்டோ புராசஸரோ வீணாகிவிடும்.

சாக்கெட் சரியாக இருந்தும் ஆன் ஆகாத போர்டுகள் உண்டு. பி450 போர்டுகள் வந்தது 2018-ல். ரைஸன் 5 5600 வந்தது 2022-ல். கடையில் நாளாகத் தூங்கிக்கொண்டிருந்த பி450 போர்டுக்கு இந்தப் புராசஸரை அடையாளமே தெரியாது. பயாஸ் அப்டேட் செய்த பிறகுதான் தெரியும். அதனால், "அண்ணா, இந்த போர்டுல பயாஸ் அப்டேட் பண்ணியிருக்கா?" என்று பில் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது, பெயரின் கடைசி எழுத்து. இன்டெல் புராசஸர் பெயரின் முடிவில் 'எஃப்' இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. ரைஸன் 5 5600-லும் கிடையாது. 'ஜி' சேர்ந்த 5600ஜி-யில் உண்டு. 'இப்ப கம்ப்யூட்டர் மட்டும் வாங்குவோம், தீபாவளி போனஸ் வந்ததும் கிராபிக்ஸ் கார்டு வாங்கிக்கலாம்' என்று திட்டமிடும் வீடுகளில் இந்த ஓர் எழுத்துதான் எல்லாம். 'எஃப்' வாங்கினால் தீபாவளி வரை மானிட்டர் கறுப்பாகவே இருக்கும்.

அப்படியானால் எல்லோரும் 'ஜி' வாங்கிவிடலாமா? அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 5600-ல் 32 எம்பி எல்3 கேஷ் இருக்கிறது. 5600ஜி-யில் பாதி, 16 எம்பிதான். கிராபிக்ஸ் கார்டோடு பேசும் பிசிஐஇ பாதையும் 5600ஜி-யில் ஒரு தலைமுறை பழையது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல வெறும் 4 லேன் மட்டுமே உள்ள கார்டை இதோடு சேர்த்தால், அந்தக் கார்டின் முழு வேகம் கிடைக்காது. கார்டையும் சேர்த்தே வாங்கப் பணம் இருந்தால் 5600 நல்லது. கார்டு தள்ளிப்போகும் என்றால் 5600ஜி.

ரேம்: ஒன்றா, இரண்டா?

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்தான். ஆனால், நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. எல்ஜிஏ 1700 போர்டுகளில் குழப்பம் அதிகம். ஒரே எச்610 சிப்செட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. போர்டின் முழு மாடல் பெயரைப் படித்த பிறகே ரேம் வாங்க வேண்டும். 2025 இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளத் தொடங்கியதில் ரேம் விலை கடுமையாக ஏறியது. வீட்டில் பழைய டெஸ்க்டாப்பின் டிடிஆர்4 ரேம் சும்மா கிடந்தால், அதை வைத்தே போர்டைத் தேர்வு செய்வது புத்திசாலித்தனம். லேப்டாப் ரேம் ஆகாது. அது அளவிலேயே சின்னது.

16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வாங்குவதைவிட 8 ஜிபி-யாக இரண்டு போட்டால் டேட்டா இரண்டு வழியில் ஓடும். தனி கார்டு இல்லாமல் 5600ஜி-யை மட்டும் நம்பி விளையாடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 3,200 என்று அட்டையில் போட்டிருக்கும் ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யாவிட்டால் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம்.

பெட்டியோடு வரும் 'ஃப்ரீ' பவர் சப்ளை

பட்ஜெட் இடிக்கும்போது முதலில் கத்தி விழுவது பவர் சப்ளை மீதுதான். கேமில் அது கண்ணுக்குத் தெரியாதே! கேபினெட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ்-ஸே போதும் என்று முடிவாகிவிடும். ஆனால் அது சரியில்லை என்றால் கூடவே மதர்போர்டையும் கார்டையும் கொண்டு போய்விடும். ஆர்ஜிபி லைட் வேண்டாம், கண்ணாடிக் கதவு வேண்டாம், புராசஸரில்கூட ஒரு படி இறங்கலாம். இதில் மட்டும் இறங்கக் கூடாது.

மேலே பெரிதாக '500 வாட்' என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் மின்சாரம் குடிக்கின்றன. அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால், 12 x 18 = 216 வாட். 500 எங்கே போனது?

ஆர்எக்ஸ் 6600 கார்டு மட்டுமே சுமார் 132 வாட் எடுக்கும். அதற்கு 450 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று ஏஎம்டியே சொல்கிறது. கார்டில் செருக 8 பின் கனெக்டரும் தேவை. விலை குறைந்த பல எஸ்எம்பிஎஸ்-களில் அது இருக்காது. '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்வது. பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. ஆனாலும், முத்திரையே இல்லாததற்கு அது மேல்.

யுபிஎஸ்-ஸையும் மறக்க வேண்டாம். வீடுகளில் அதிகம் இருக்கும் 600 விஏ மாடல், பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். கரன்ட் போனால் கேமை சேவ் செய்து மூட நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் கார்டு போடலாமா?

கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைக்கிறது, அதில் ஒரு கார்டு செருகினால் கேமிங் கம்ப்யூட்டர் ரெடி என்று வீடியோக்கள் சொல்கின்றன. முடியும், ஆனால் டேப் எடுத்து அளந்த பிறகு. ஒல்லியான பெட்டிகளில் பாதி உயரமுள்ள 'லோ புரொஃபைல்' கார்டு மட்டுமே நுழையும். பிராண்டட் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் பவர் சப்ளையின் அளவும் பிளக்கும் தனி ரகம். கடையில் கிடைப்பதை மாற்றி மாட்ட முடியாது.

மதர்போர்டு ஸ்லாட் தரும் மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். அதற்குள் அடங்கும் கார்டைத்தான் தேட வேண்டும். 70 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி இங்கே கைகொடுக்கும். அதே பெயரில் வரும் 8 ஜிபி மாடல் 130 வாட், தனி கனெக்டரும் கேட்கும். பெயர் ஒன்று, ஆள் வேறு!

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சிப்பில் புதுப் பெயரை ஏற்றி விற்கும் போலிகளில் பலவற்றை அது காட்டிக்கொடுத்துவிடும்.

எம்.2 எஸ்எஸ்டி-யில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை. போர்டு எதை ஏற்கும் என்று கேட்டு வாங்கலாம். கேபினெட் வாங்கும்போது கார்டின் நீளத்தையும் கூலரின் உயரத்தையும் ஒப்பிட்டால் போதும். புராசஸர் பாக்ஸோடு வருகிறதா, 'ட்ரே'யா என்பதும் முக்கியம். பாக்ஸில் வரும் ரைஸன் 5 5600-க்குக் கூலரும் 3 ஆண்டு வாரன்டியும் உண்டு. ட்ரேயில் விலை குறையும், கூலரைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

பார்ட்ஸ் எல்லாம் ஒரே கடையில் என்றால், அங்கேயே அசெம்பிள் செய்து ஆன் செய்து காட்டச் சொல்லலாம். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறார்களா, பயாஸில் ரேமின் அளவும் வேகமும் சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். "தம்பி, பில் இல்லாம எடுத்தா ஜிஎஸ்டி மிச்சம்" என்று கடையில் ஆசை காட்டினால் தலையாட்ட வேண்டாம். ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறியிருந்தால்தான், இரண்டு வருஷம் கழித்துக் கார்டு மக்கர் செய்யும்போது வாரன்டி கேட்கப் போக முடியும்.